அண்ணியின் ரிவால்வர்

“வறுக்காத ரவை இருந்தா ஒரு டப்பா குடேன்” என்று அண்ணி எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டபோது, உப்புமாவுக்குத்தான் என்று நினைத்தேன். அண்ணி என் கணவரின் அக்கா. கண் அறுவைச் சிகிச்சை மருத்துவர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக ஓர் அடுக்ககத்தில் இருந்தார். சமையலில் அவருக்கு நாட்டமே கிடையாது. ரவை அவருடைய ரிவால்வருக்கு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ரிவால்வரைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்த நகல் அது. தோட்டா கிடையாது. உருளையிலுள்ள ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, மேலே கொழுப்பு பூச வேண்டும். குறி பார்த்துச் சுடுவதற்கு மருந்து குறைவாக இருப்பது நல்லதாம். குறைத்தால் குண்டு அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும். அந்த இடத்தை நிரப்பத்தான் ரவை. “சோளமாவு, அது இதுன்னு என்னென்னவோ போட்டுப் பாத்துட்டேன். ரவைக்கு ஈடில்ல” என்றார், ஏதோ பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

கோடையில் சில ஞாயிறுகளில் அவரோடு நானும் போவேன். ஆற்றுப் பாலத்தைக் கடந்து, புரோசார்ட் ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு சுடும் கிளப். இருபத்தைந்து மீட்டரில் தாள் இலக்கு. அண்ணி இடது கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி நிற்பார். சுட்டதும் எழும் வெள்ளைப் புகையில் தீபாவளி விடிகாலையின் வாசனை இருக்கும். புகை கலையும்வரை இலக்கு தெரியாது. கலையட்டும் என்று அவர் பொறுமையாகக் காத்திருப்பார். ஆறில் ஒன்று எப்போதும் சற்று விலகித்தான் போகும். ஆனால் அந்தக் கோடையில் இரண்டு மூன்று விலக ஆரம்பித்தன. “நகல்தானே, ஃபேக்டரியில அவசரத்துல செஞ்சிருப்பாங்க” என்று துப்பாக்கியின்மேல் பழியைப் போட்டார். வேறு வாங்கவும் வழியில்லை. கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் அரசாங்கம் நிறுத்தியிருந்தது. நான் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். “நீ அளக்கறவதானே, வந்து அளந்து சொல்லேன்” என்றார்.

ஒரு சனிக்கிழமை என் அளவுக் கருவிகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து உருளையைக் கழற்றி வைத்தார். அவர் சந்தேகப்பட்டது சரிதான். ஆறு அறைகளும் குழலின் உள்விட்டத்தைவிடக் குறுகலாக இருந்தன, அதிலும் ஒன்று மற்ற ஐந்தைவிடச் சிறியது. அறைக்குள் அழுத்தும்போதே குண்டு இளைத்துவிடுகிறது. பிறகு குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துச் சுழற்ற முடிவதில்லை. நான் எண்களைச் சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் மலர்ந்தது. அன்று அவர் காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்தேன். சில மாதங்களாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

கிளப்பில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஆறு அறைகளையும் ஒரே அளவுக்குக் குடைந்து கொடுத்தார். குண்டு மேலே மேலே போகிறது என்று குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் முளையையும் உயரமாக மாற்றினார். அடுத்த ஞாயிறு அண்ணி முதலில் மணல் மூட்டையின்மேல் கையை ஊன்றிச் சுட்டார். தாளை எடுத்துவந்து பார்த்தால், ஆறு துளைகளும் ஒரு குங்குமச் சிமிழின் மூடிக்குள் அடங்கும். பெரியவர் கைதட்டி “பிராவோ, மதாம்!” என்றார். பிறகு அண்ணி எழுந்து நின்று கையை நீட்டிச் சுட்டார். நான்கு நடுவில், இரண்டு கறுப்பு வட்டத்துக்கே வெளியில். மறுபடியும் ஊன்றிச் சுட்டார், மூடிக்குள். மறுபடியும் நின்று சுட்டார், சிதறல். தாள்களை வரிசையாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் மருந்தைக் குறைச்சுப் பாக்கலாமா அண்ணி?” என்றேன். கோளாறு மருந்தில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“வேண்டாம்மா. துப்பாக்கி சரியாதான் இருக்கு.”

திரும்பும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்தார். பாலத்தின்மேல் வரும்போதுதான் பேசினார். “மூணு மாசமா ஆபரேஷன் பண்றப்ப வலது கையை இடது விரலால தாங்கிக்கறேன். அது நல்ல பழக்கம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

“யாருக்காவது ஏதாவது...”

“இல்ல. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே.”

மறுநாள் காலையே ஆஸ்பத்திரியில் துறைத் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவர் நம்பவில்லை. ஒரு புகார்கூட இல்லையே, நரம்பு மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையில் சரியாகும் என்றாராம். நரம்பு மருத்துவரும் பயப்பட ஒன்றுமில்லை, வயதில் வரும் நடுக்கம்தான் என்று மாத்திரை எழுதினார். “மாத்திரை துப்பாக்கி சுடப் போதும், கண்ணுக்குப் போதாது” என்று அண்ணி அறுவை அறைக்குப் போவதை நிறுத்தினார். அன்றிலிருந்து கிளினிக்கில் கண் பார்ப்பது மட்டும்தான். அதிகம் சிரிக்காதவர், அந்தக் குளிர்காலத்தில் இன்னும் குறைவாகச் சிரித்தார்.

அவருடைய அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் காத்திருந்தவர்களில் மன்னாரிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாவும் இருந்தார். வேறு மருத்துவர் செய்வார் என்றதும் அந்த அம்மா அழுதுவிட்டாராம். “டொக்டர், நீங்களே செய்யுங்கோ. எனக்குப் பயமில்லை.” அண்ணி சொன்ன பதில்: “எனக்குப் பயமா இருக்கும்மா.” ஆனால் அறுவை அறைக்குள் கூடவே வருவதாக வாக்குக் கொடுத்தார். அதன்படியே போய், பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வசந்தத்தில் அந்த அம்மாவைத் தமிழ்க்கடையில் பார்த்தோம். கண்ணாடி இல்லாமல் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தவர், அண்ணியைக் கண்டதும் வந்து அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒப்பரேஷன் முடியும் வரைக்கும் நான் இந்தக் கையை விடேல்லை, பிள்ளை. ரெண்டு பேரின்ரை கையும் நடுங்கிச்சுது. ஆரின்ரை நடுக்கம் எண்டுதான் தெரியேல்லை.”