வெள்ளைப் பந்தில் பட்ட கை

பெடியன்களுக்கென்றே வைத்த கொட்டாஞ்சேனைத் திருநாள் கரம் பலகைப் போட்டியில் முதலாமிடம். வலக்கை முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்த வருஷம், இடக்கையால் சுண்டியே ஜிந்துப்பிட்டிக் கேடயம். கோலால் பந்தைக் குத்தி ஆடும் பூல் மேசையைக் கண்டு ஒரு வருஷம் ஆகுமுன்னர், வெள்ளவத்தைக் கிளப் ஒன்றின் இளையோர் இறுதியாட்டத்தில் இடம். பதினான்கு வயதுக்குள் கொன்ஸ்ரன்ஸ் வென்றவை இவை. ஓட்டோ ஓட்டும் அவளுடைய அண்ணன் ஸ்ரனிஸ்லாஸ், ஏறுகிற ஆட்களிடமெல்லாம் இதைச் சொல்லுவான்.

கரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றாலும் கவலையில்லை. கையால் எடுத்துக் கோட்டில் வைக்கலாம். பூலில், மற்றப் பந்துகளை அடிக்கிற வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. அதற்காக அவள் மேசையில் பிஸ்கற் அளவில் ஒரு கடதாசி வட்டத்தை வைத்துப் பழகினாள். நிறப் பந்து குழியில் விழவேண்டும், வெள்ளை வட்டத்தில் வந்து நிற்கவேண்டும். கோலால் வெள்ளையின் கீழே குத்தினால் பின்னுக்கு வரும், மேலே குத்தினால் முன்னுக்கு ஓடும். வெள்ளை நின்றதும் கையால் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள். மறுபடியும் அடிப்பாள்.

இறுதியாட்டத்தில் எதிரே ஹெவ்லொக் டவுன் றலியா. வெல்பவளைக் கிளப் தன் செலவில் மலேசியாப் போட்டிக்கு அனுப்பும். ஓட்டோ உழைப்பில் நடக்கிற காரியமில்லை அது.

"என்ன கரம் ராணி, பவுடர் டின் கொண்டு வரல்லியா?" என்றாள் றலியா.

"உங்கட முகத்தில பூசினதே காணுமே, அக்கா."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன்பே கொன்ஸ்ரன்ஸ் தன் கடைசி நிறப் பந்தைப் போட்டாள். இனிக் கறுப்பு மட்டும்தான், அதைப் போட்டால் வெற்றி. வெள்ளை, கடதாசி வைத்ததுபோல, சரியான இடத்தில் வந்து நின்றது.

பழக்கத்தில் அவள் கை போய் அதைத் தூக்கியது.

நடுவர் சத்தம் போட்டவர்களை அடக்கத் திரும்பியிருந்தார். றலியா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண்டவன் ஸ்ரனிஸ்லாஸ் மட்டும். 'வை, வை' என்று கண்ணால் கெஞ்சினான்.

"சேர், நான் வெள்ளையைத் தூக்கிட்டன்."

ஆட்டத்தின் நடுவில் பந்தில் கை பட்டால் தப்பாட்டம். இப்போது வெள்ளையைக் கையால் எடுத்து விரும்பிய இடத்தில் வைக்கிற உரிமை றலியாவுக்கு. வைத்தாள், அடித்தாள், தன் மிச்சப் பந்துகளோடு கறுப்பையும் போட்டு முடித்தாள்.

அப்பா போனதிலிருந்து தங்கைக்கான கையெழுத்தெல்லாம் ஸ்ரனிஸ்லாஸ்தான். நடுவர் முடிவுத்தாளை அவனிடம் நீட்டினார். பேனையைப் பிடித்தவன் எழுதாமல் தங்கையிடம் திரும்பினான்.

"ஒருத்தரும் காணேல்ல, பிள்ளை. ஏன் சொன்னனீ?"

"என்ர கை கண்டது. தாங்கோ அண்ணா, தோத்தது நான்தானே."

தோற்றவர் என்ற சொல்லுக்கு எதிரே, எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல மெல்ல, அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2023 ஓகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை.