மழை மாதங்களுக்குப் பூஜ்யம் போட்ட ஜமீலா

போன செவ்வாய்க்கிழமை காலை, உப்புப் பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஜமீலாவின் அண்ணன் போன் செய்தார். "கலாம்மா, ஜமீலா மௌத்தாயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." அவள் என்னைவிட நான்கு வயது இளையவள்.

மரக்காணம் கடைத்தெருவில் அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பத்திரமோ ரேஷன் கார்டோ, எதை நீட்டினாலும் அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மானிய விண்ணப்பத்தோடு போனேன். உப்பளத்தில் வாங்கும் உப்பைச் சுத்தம் செய்து, மூலிகை சேர்த்து, குளியல் உப்பாக ஆரோவில் பக்கத்துக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கொடுப்பது என் தொழில். உலர்த்தும் மெஷின் வாங்கப் பணம் தேவைப்பட்டது. இப்போதைய விற்பனையையும் அடுத்த மூன்று ஆண்டு வரவு செலவு மதிப்பீட்டையும் மாதவாரியாகக் கேட்டிருந்தார்கள். எல்லா மாதத்துக்கும் ஒரே தொகையை எழுதியிருந்தேன்.

ஜமீலா டைப் செய்யாமல் தாளையே பார்த்தாள். "அக்டோபர் மழைல உப்பு கசியாதாக்கா?"

"கசியும். மூணு மாசம் பாக்கெட்டே போட மாட்டோம்."

"அப்புறம் ஏன் விக்கிறதா எழுதியிருக்கீங்க?"

"பூஜ்யம் போட்டா நஷ்டத்துல ஓடுதுன்னு தள்ளிடுவாங்கடி."

"பன்னெண்டு மாசமும் நல்லா ஓடுதுன்னா, மெஷின் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

இப்போதைய விற்பனையில் அந்த மூன்று மாதங்களை அடித்துவிட்டு அவளே பூஜ்யம் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க மதியத்தில் கடையைச் சாத்திவிட்டு, ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு அலைந்தாள். மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் கரண்ட் போகும் என்று லைன்மேனிடம் கேட்டாள். குயிலாப்பாளையம் விடுதிக்காரரிடம் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குவார் என்று கேட்டாள். "நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லத் தெரியணும்க்கா" என்பாள்.

நேர்காணலில் அதிகாரி இப்போதைய விற்பனை அட்டவணையில் விரல் வைத்தார். "என்னம்மா, மூணு மாசம் பூஜ்யம்? மத்தவங்க யாரும் இப்படிக் காட்டலியே."

"அதுக்குத்தான் சார் மெஷினே" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அரை மணி நேரம், கரண்ட் செலவிலிருந்து ஆள் கூலி வரை ஒவ்வொரு எண்ணாகக் கேட்டார். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். மானியம் கிடைத்தது.

ஆனாலும் மெஷின் வந்த முதல் மழைக்காலத்தில், எழுதியதில் பாதிகூட விற்கவில்லை. நான் அழாத குறை. ஜமீலாவுக்கோ முகமெல்லாம் ஆர்வம். "எங்க தப்பா நெனச்சோம்னு பாக்கலாம், வாங்க!" மழையில் விடுதிகளுக்கு ஆள் வருமா என்று கேட்க இருவருமே மறந்திருந்தோம். அடுத்த ஆண்டு எண்களைத் திருத்தினோம். தொழில் நிலைத்து நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் என் ஃபைலைத் திறந்தேன். கடைசித் தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்து: "நம்ம ஊர் பொம்பளைங்க ஏன் இத வாங்கறதில்ல? கேக்கணும்."

ஜமீலாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். நேற்று முதல் ஆளாக எதிர்வீட்டு மஞ்சுளாவிடம் கேட்டேன்.

"எங்ககிட்ட நீ காட்டுனதே இல்லியே கலா" என்றாள்.