மடிப்புக் கதவுக்குப் பின்னால் என் மகள்

இன்று காலை என் நான்கு வயது மகள் குளியலறையில் மாட்டிக்கொண்டாள்.

ஒரு மாதமாகவே அந்த மடிப்புக் கதவு திக்கித் திக்கித்தான் நகர்ந்தது. நானும் சரிசெய்யாமல் விட்டிருந்தேன். இன்று மேல்சக்கரம் தடத்தை விட்டு இறங்கியதும், லேசாக மடிந்த நிலையிலேயே கதவு இறுகிவிட்டது.

உள்ளே அண்டா நிறையத் தண்ணீர். கூப்பிட்டால் பதிலே இல்லை.

திருமுக்கூடலில் வேலையில் இருந்த தச்சருக்குப் போன் செய்தேன்.

“தள்ளாதக்கா. கொயந்த வெரலு மடிப்புல இருந்தா நசுங்கிடும். கதவ நேரா மேல தூக்கு. அடியில கீற இரும்பு பின்னு தரைக் குழியிலேர்ந்து வெளிய வந்துடும்,” என்றார்.

“பாப்பா, ரெண்டு கையையும் தலைமேல வெச்சிக்கோ,” என்றேன்.

உள்ளேயிருந்து, “வெச்சிக்கினேம்மா,” என்றாள்.

தூக்கினேன். கதவு கழன்று என் தோளில் சாய்ந்தது. தலைமேல் கைகளோடு மூலையில் நின்றிருந்தாள்.

“கூப்ட்டப்ப ஏன்டி பேசல?”

“கதவ நான்தான் ஒடைச்சிட்டேன்னு அடிப்பியோன்னு பயந்துக்கினு இருந்தேன்.”

அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தச்சர் நாளைக்குத்தான் வருவார். அதுவரை கதவுக்குப் பதில் பழைய புடவை. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய, போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். என் கணவருக்கு ஒரு பாட்டும் முழுதாகத் தெரியாது. சுலபமானதாக யாராவது சொல்லுங்கள்.