விளம்பர இடைவேளையில் ஒரு மீசை

அந்தச் சலூனில் ஒரே ஒரு நாற்காலி. அதற்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி, வாசலுக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு டிவி, பக்கச் சுவரோரம் ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு. பெஞ்சில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பி டிவியை நேராகப் பார்ப்பார்கள். நாற்காலியில் இருப்பவரும், அவருக்கு முடி வெட்டும் சலூன்காரரும் கண்ணாடிக்குள் பார்ப்பார்கள். கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. திரையில் வரும் எழுத்துகள் கண்ணாடியில் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். சலூன்காரர் அவற்றைத் தடுமாறாமல் படித்துவிடுவார். வீட்டில் நேராக வரும் எழுத்தைப் படிக்கத்தான் அவருக்கு இரண்டு நொடி கூடுதலாகத் தேவைப்படும்.

இத்தனை வருடத்தில் அவருடைய கத்தி யார் முகத்திலும் ஒரு கீறல் போட்டதில்லை. தன் கைராசி அப்படி என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அதற்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. அது அவருக்கே தெரியாது.

சினிமாவோ தொடரோ ஓடும்போது அவர் கையில் கத்தரியும் சீப்பும் மட்டும்தான் இருக்கும். நாற்காலிக்காரர் சிரிப்பார், தலையை ஆட்டுவார், வில்லனைத் திட்டுவார். கத்தரி அதையெல்லாம் சமாளித்துவிடும். விளம்பரம் வந்ததும் ஆள் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார், பொம்மை மாதிரி அசையாமல் இருப்பார். அப்போதுதான் சவரக்கத்தி வெளியே வரும். காதோரம், பின்கழுத்து, மீசை எல்லாம் விளம்பரத்துக்குள் முடிந்துவிடும். சோப்பு விளம்பரத்தின் பாட்டு தொடங்கினால் போதும், சலூன்காரரின் வலது கை தானாகவே கத்தி இருக்கும் கிண்ணத்துக்குப் போகும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கடையில் கேபிள் படுத்தியெடுக்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் மூன்று முறை, மூன்றும் படத்தின் கடைசிக் கட்டத்தில், திரை நீலமாகிவிட்டது. கேபிள்காரரைப் போனில் கூப்பிட்டால், "ரெண்டே நிமிஷம்ணே, லைன்ல ஆள் நிக்கறான்" என்பார். அந்த இரண்டு நிமிஷம் சாயங்காலம் வரை நீளும். மூன்றாவது முறை, பெஞ்சில் இருந்த நான்கு பேரும் எழுந்து எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஏசி சலூனுக்கே போய்விட்டார்கள்.

அன்று மகள் கடைக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவள்.

"அப்பா, இருநூறு சேனல் வருது. நீங்க பாக்கறது நாலு. அந்த நாலும் மழை பேஞ்சா வராது. இதை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"பின்ன, டிவியில வெறும் சுவத்தையா காட்டறது?"

"இன்டர்நெட்ல பாத்துக்கலாம்ப்பா. நமக்கு வேணுங்கற ஆப் ஒண்ணே ஒண்ணு போதும். அதுலயும் விளம்பரமே வராத திட்டத்தை எடுத்துத் தரேன். ராஜா மாதிரி பாருங்க."

மகள் டிவியின் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் செருகினாள். அவ்வளவுதான். மறுநாள் கேபிள்காரர் வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வயரைச் சுருட்டி எடுத்துப் போனார்.

முதல் வாரம் பெஞ்சில் இடமில்லை. ஒரு பெரிய வீட்டில் நடக்கும் கொலையைப் பற்றிய தொடர் ஓடியது. ஒரு பகுதி முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது தானாகவே தொடங்கிவிடும். பக்கத்து மருந்துக் கடைக்காரர், தலையில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லாதவர், தினமும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அவர் கடைக்கு யாராவது வந்தால், "இருமலா? ரெண்டாவது தட்டுல இருக்கு, எடுத்துக்கங்க" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பார்.

கூட்டம் வந்ததே தவிர, சலூன்காரருக்கு வேலை ஓடவில்லை. முடியை வெட்டி முடித்த பிறகும் அவர் கத்தரியைக் கீழே வைக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தார். எதற்கோ காத்திருப்பது போல இருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

"அண்ணே, லேசா வெட்டுங்கன்னுதானே சொன்னேன்? வீட்டுல என்னை அடையாளம் தெரியணும்" என்று ஒருவர் தலையைத் தடவிக்கொண்டே போனார். இன்னொருவரின் பின்கழுத்து சவரம் செய்யப்படாமலே வீட்டுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலை டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்தார். கடை திறந்த முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். அன்றிலிருந்து அவர் மீசையை வேறு யாரும் தொட்டதில்லை. அது சாதாரண மீசையும் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் தவறான கியரைப் போட்டால் மாஸ்டர் வாயைத் திறக்க மாட்டார். மீசையின் ஒரு நுனி லேசாக உயரும். அதற்கே பிரேக் மிதிபடும்.

"தலையை வெட்டிட்டு, மீசையில ஓரத்தை மட்டும் ஒதுக்கி விடுப்பா" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கண்ணாடிக்குள் தொடரைப் பார்க்க ஆரம்பித்தார்.

சலூன்காரர் தலையை முடித்தார். காதோரம் சீப்பை வைத்தார், எடுத்தார். கை கத்திக்குப் போகவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொடரில் வரும் சமையல்காரி ரேடியோவைப் போட்டாள். ரேடியோவில் ஏதோ சோப்பு விளம்பரத்தின் பாட்டு வந்தது. ஒரு வாரமாகக் காத்திருந்த கை உடனே கிண்ணத்துக்குப் போய்க் கத்தியை எடுத்து மீசை ஓரத்தில் வைத்தது. மாஸ்டரின் கண்கள் மட்டும் திறந்தே இருந்தன.

பாட்டு பாதியில் நின்றது. ரேடியோவுக்குப் பின்னாலிருந்து கொலைகாரனின் முகம் எட்டிப் பார்த்தது.

"அட, இவனா" என்று பெஞ்சு மொத்தமும் எழுந்தது. மாஸ்டரும் திரும்பினார்.

ரத்தம் வரவில்லை. ஆனால் மீசையின் வலது பாதி வெள்ளைத் துணியின் மேல் கிடந்தது.

மருந்துக் கடைக்காரர் கூடத் தரையைப் பார்த்தார். பாதியை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. மாஸ்டர் கையால் சைகை காட்டினார். சலூன்காரர் மறு பாதியையும் எடுத்தார். மாஸ்டர் கண்ணாடியில் தெரிந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருப்பா இது?" என்று கேட்டார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் மருந்துக் கடைக்காரர் செய்தி கொண்டு வந்தார். "பிரேக்கை மிதிங்கன்னு மாஸ்டர் சொன்னா, கார் கத்துக்கற ஒரு அம்மா, 'இருங்க தம்பி, அவசரப்படுத்தாதீங்க'ன்னாங்களாம். அண்ணே, இருபது வருஷத்துல அவரை யாராச்சும் தம்பின்னு கூப்பிட்டிருப்பாங்களா?"

பெஞ்சு சிரித்தது. சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் மாஸ்டரின் கார் தினமும் கடை வாசலைத் தாண்டிப் போனது. முன்பெல்லாம் ஹாரன் ஒருமுறை அடிப்பார். இப்போது முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு போனார். முதல் ஆளே போய்விட்டால் பிறகு எத்தனை பேர் வந்து என்ன என்று சலூன்காரருக்குத் தோன்றியது.

காரணத்தைக் கண்டுபிடித்தது மகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் அவள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை தட்டிலிருந்து எழுந்து, பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளருக்குள் எதையோ தேடியது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். மகள் விளம்பரத்தை மறுபடி ஓட விட்டாள். கை மறுபடி எழுந்தது.

"விளம்பரம் வந்தா கத்தி எடுக்கறீங்க" என்றாள் மெதுவாக. "நான் போய் விளம்பரமே இல்லாத திட்டத்தை வாங்கிக் குடுத்துட்டேன்."

சலூன்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். கைராசி என்று இத்தனை வருடம் நம்பியது வெறும் சோப்புப் பாட்டு என்று தெரிந்தால் யாருக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

"கேபிள்காரரையே திரும்பக் கூப்பிடவாப்பா?"

"வேணாம்மா. அவரு ரெண்டு நிமிஷத்துல வரேம்பாரு." கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், "உன் ஆப்ல விளம்பரம் வர்ற மாதிரி எதுவும் கிடையாதா?"

"இருக்குப்பா. ஆனா எல்லாரும் விளம்பரம் வேண்டாம்னுதான் தலையால அடிச்சுக்கறாங்க."

"நமக்கு வேணும். அதை எடு."

ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். மீசை வளர்ந்து, உதட்டை மூடி, வாய் எங்கே இருக்கிறது என்று தேடும்படி இருந்தது. அதற்கு முன் எதிர்ப்பக்க ஏசி சலூனுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பையன் மீசைப் படங்கள் போட்ட அட்டையை நீட்டி, "எந்த மாடல் சார்?" என்று கேட்டானாம். அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

"முதல்ல அந்த டிவியை அணை" என்றார் உட்காரும்போதே.

"அணைச்சா என் கை ஓடாது மாஸ்டர்" என்று தொடங்கி, சோப்புப் பாட்டிலிருந்து தண்ணீர் டம்ளர் வரை சலூன்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாஸ்டர் முழுக்கக் கேட்டார். மீசைக்கு அடியில் அவர் சிரித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா என்னைத் தூங்க வெச்சா சவரம் பண்ணின?"

"தூங்கினது நீங்க மாஸ்டர். நான் சவரம் மட்டும்தான் பண்ணினேன்."

தொடர் ஓடியது. கத்தரி ஓடியது. சமையலறைக் காட்சி வந்தபோது பெஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டது. சலூன்காரர் அசையவில்லை. பிறகு திரை மாறியது. ஒரு பல் துலக்கும் பசையின் விளம்பரம். மூலையில் நொடிகள் தொண்ணூறிலிருந்து இறங்கத் தொடங்கின. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணாடியில் திரும்பித் தெரிந்த எண்களைப் படித்தபடியே சலூன்காரர் கத்தியை எடுத்தார். இடது ஓரம், வலது ஓரம், உதட்டுக்கு மேலே ஒரு கோடு. மருந்துக் கடைக்காரர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். கத்தி கிண்ணத்துக்குத் திரும்பியபோது மூலையில் இருபது என்று காட்டியது.

மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, கண்ணாடியில் மீசையின் நுனியை உயர்த்திப் பார்த்தார். அது உயர்ந்தது. திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் நேரம் இருக்குல்ல? பின்கழுத்தையும் பாத்துடு."