அக்கா பெல்ட் மாற்றிய பகல்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரது உபசரிப்பையும் கைமணத்தையும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அறியாத ஒரு பகலைப் பற்றித் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் கொளுந்து பறிக்கப் போய்விட்டால், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவர் அவர்தான். எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்பார். மலையேறும்போது மட்டும் பேருந்து ஏன் அப்படி உறுமுகிறது என்று கேட்டு ஓட்டுநரையே திணற வைத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சீவலப்பேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அத்தானுடன் வயலில் பாடுபட்டார். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. என் பிள்ளைகளுக்கு அவரும் ஒரு தாய்.

அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதாகி, திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டியதாயிற்று. திரும்பும்போது பேருந்தில் நிற்க அவருக்குத் தெம்பு இருக்காது. அதனால் பழைய வேன் ஒன்றை வாங்கி, ஐம்பதை நெருங்கும் வயதில் அக்கா ஓட்டப் பழகினார்.

ஒரு தசரா சமயம் நான் அங்கே போயிருந்தேன். மறுநாள் காலை அத்தானுக்கு டயாலிசிஸ். முந்தைய முறை ஒரு நாள் தள்ளிப்போனதற்கே மூச்சு வாங்கி மிகவும் அவதிப்பட்டிருந்தார். அன்று வண்டியைக் கிளப்பியதும் 'கிரீச்' என்று ஓயாமல் சத்தம் வந்தது. அக்கா முன் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த இன்ஜினைப் பார்த்தார். பெல்ட் முழுக்க வெடிப்பு; ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. மாற்று பெல்ட் வண்டியிலேயே இருந்தது. மாட்டத்தான் ஆள் இல்லை. வேண்டுதலுக்கு வேஷம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு வாடகை வண்டிகளெல்லாம் குலசேகரன்பட்டினம் கோயிலுக்குப் போயிருந்தன. மெக்கானிக்கும் அங்கேதான். அக்கா அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"கரடி வேஷம் கட்டியிருக்கேன் தங்கச்சி. தலையைக் கழத்திட்டுத்தான் பேசுதேன்!" பின்னால் மேளம் முழங்கியது.

"இது அந்துபோச்சுன்னா என்ன ஆவும் அண்ணாச்சி?"

"தண்ணி பம்பு சுத்தாது. இன்ஜின் கொதிச்சு நடுரோட்டுல நின்னுரும்."

"நானே மாத்தலாமா?"

"பேட்டரி வயரை முதல்ல கழத்திரு. டைனமோ போல்ட்டை லூசாக்கி உள்ள தள்ளு, பெல்ட்டு தொளதொளன்னு ஆயிரும். புதுசை மாட்டிட்டு டைனமோவை வெளிய இழுத்து இறுக்கணும்."

"எவ்வளவு இறுக்கணும்?"

அதற்குள் தொடர்பு அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை.

"வேண்டாம்ளா. கையை நசுக்கிக்கிடாத" என்றார் அத்தான், கட்டிலில் இருந்தபடியே.

"ஓடாத இன்ஜின் கையை எப்படி நசுக்கும்?"

"எனக்கென்ன தெரியும்?"

அக்கா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பழைய பெல்ட் வந்ததும் அதை வளைத்து வளைத்துப் பார்த்தார். "ஏட்டி, இங்கன பாரு. மேல நல்லாத்தான் இருக்கு. உள்பக்கம் வழவழன்னு தேஞ்சுபோச்சு. வழுக்குததுதான் சத்தம் போட்டிருக்கு!" எனக்கோ நாளைய கவலை. அவர் முகத்தில் மகிழ்ச்சி.

புதியதை மாட்டிக் கிளப்பினால் மறுபடியும் அதே சத்தம். எனக்கு அழுகை வந்தது. அக்கா இன்ஜினை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெகு ஆழம் உள்ளே போனது. "இறுக்கம் பத்தலை. அதான் இதுவும் வழுக்குது" என்றார். மம்பட்டிக் காம்பை டைனமோவுக்கும் இன்ஜினுக்கும் இடையில் கொடுத்து, "பைய நெம்பு... அங்கனயே பிடிச்சுக்கிடு" என்று என்னிடம் தந்துவிட்டுப் போல்ட்டை முடுக்கினார். மீண்டும் அழுத்தினார். இப்போது கொஞ்சம்தான் அமுங்கியது. "ரொம்ப இறுக்குனாலும் அந்துரும்லா, இது போதும்" என்று தாமே முடிவு செய்தார்.

வண்டியைக் கிளப்பினோம். சத்தமே இல்லை. கட்டிலிலிருந்து எழுந்து வந்த அத்தான், "ஓடுதா என்ன?" என்று இன்ஜினைக் குனிந்து பார்த்தார். மறுநாள் குறித்த நேரத்தில் அக்கா அவரை மருத்துவமனையில் சேர்த்தார்.

அந்தப் பெல்ட் தேயும் முன்பே அக்காவின் இதயம் பழுதானது. கடைசி நாள்களிலும் தலைமாட்டில் இருந்த கருவியைக் காட்டி, "அந்தப் பச்சைக் கோடு எதுக்குத் துள்ளுது?" என்று செவிலியரிடம் கேட்டார். அது அவருடைய நெஞ்சுத் துடிப்பு என்றதும், "மூச்சைப் பிடிச்சா மாறுமா?" என்று பிடித்தே பார்த்துவிட்டார். செவிலியர் சிரித்துக்கொண்டே கடிந்துகொண்டார். மறுநாள் விடியற்காலையில் அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவின் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன மருத்துவர்களுக்கும், பதினாறாம் நாள் விசேஷத்தன்று டவுன் பஸ் பிடித்து வந்து எங்களோடு அமர்ந்த அந்தச் செவிலியருக்கும், இன்று அத்தானை முறைவைத்து அழைத்துப்போகும் ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை வாசித்துக் காட்டியபோது, அக்காவுக்கும் ஒரு நன்றி எழுதச் சொன்னார் அத்தான். "அவ கேட்ட எதுக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் மறுநாளும் முதல்ல என்கிட்டதான் வந்து கேப்பா. அதுக்கு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.