மகளுக்கு வேலை கிடைத்த மலைநாடு

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, காலை 7.10க்கு ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குரோருட்டிலிருந்து புறப்பட்டோம். சுற்றுலா என்று ஊருக்குச் சொன்னாலும் விஷயம் வேறு. மிருக வைத்தியம் படித்து முடித்த என் மகள் ஆரபிக்கு லொம் என்ற மலையூரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி வதனி. எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் "வேண்டாம்". தாய் மனம் வைக்காமல் மகள் போகமாட்டாள். இடத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நான்தான் காரை எடுத்தேன்.

லில்லஹாமர் வரை ஈ6 நெடுஞ்சாலை, ஏறக்குறைய 180 கிலோமீற்றர். 9.30க்கு நிறுத்தி மூன்று கோப்பியும் பணிசும் வாங்கினோம், 210 குரோனர். பிளாஸ்க்கில் தேத்தண்ணி இருக்கும்போது கோப்பி வாங்கியது என் குற்றமாம்.

அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு ஒடுங்கி, மலைகள் கிட்ட வருகின்றன. நான் வழிகாட்டி வேலையைத் தொடங்கினேன். முப்பது வருடங்களுக்கு முன் நொர்வேஜிய வகுப்பில் பத்தொன்பது மாகாணங்களையும் பாடமாக்கியவன் அல்லவா? "இது ஒப்லாண்ட் மாகாணம். தலைநகர் லில்லஹாமர்" என்றேன்.

"அப்பா, அது பழைய லிஸ்ற். இப்ப ஒப்லாண்ட் எண்டு ஒரு ஃபில்கே இல்லை" என்றாள் ஆரபி.

ஃபில்கே என்றால் மாகாணம். கைபேசியில் பார்த்து வாசித்தாள். 1919 வரை இதற்குக் கிறிஸ்தியான் மன்னரின் பெயர். பிறகு ஒப்லாண்ட், அதாவது மேட்டுநிலம். 2020இல் பக்கத்து ஹெட்மார்க்கோடு சேர்த்து இன்லாண்டெத் ஆக்கினார்கள். தலைமையகம் ஹாமருக்குப் போய்விட்டது. அப்படிச் சேர்த்த வேறு சில மாகாணங்கள் 2024இல் பிரிந்துகொண்டன. இது பிரியவில்லை. இப்போது நாட்டில் கடலே இல்லாத ஒரே மாகாணம் இதுதான்.

"கடலும் இல்லை, கந்தோரும் தூர. பிள்ளைக்கு மீன் எங்காலை வாறது?" என்றது பின் இருக்கையிலிருந்து வதனியின் குரல். என் பாடமாக்கலுக்கு அதோடு ஓய்வு கொடுத்தேன்.

ஒத்தாவில் இடப்பக்கம் திரும்பி 15ஆம் இலக்கப் பாதையில் 62 கிலோமீற்றர் ஓடினால் லொம். சேர்ந்தபோது 12.40. நாட்டின் மிக உயர்ந்த மலை, 2469 மீற்றர், இந்த நகரசபை எல்லைக்குள்தான். நாலு பக்கமும் மலை மழையைத் தடுத்துவிடுவதால் நிலம் வறண்டது. உருளைக்கிழங்குத் தோட்டங்களில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சுழன்றுகொண்டிருந்தன. வதனி கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

ஆரபிக்கு வாடகைக்குப் பேசிய சிறு வீடு காரி என்ற ஆட்டுப்பண்ணைக்காரியுடையது. அறுபது வயதிருக்கும். வதனி தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் கொளுக்கியை இழுத்துப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறாய் என்று காரி ஆரபியிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆரபி எப்போதும் இரண்டு பதில் வைத்திருப்பாள். முதலாவதைச் சொன்னாள்: "குரோருட்."

"குரோருட் பள்ளத்தாக்கா? அப்போ நீயும் பள்ளத்தாக்குப் பிள்ளைதான். சரி, பிரசவத்தில் குட்டி பின்னங்காலை முதலில் நீட்டினால் என்ன செய்வாய்?"

நாங்கள் பிறந்த நாட்டைச் சொல்லும் இரண்டாவது பதிலுக்கு வேலையே வரவில்லை. ஆரபி சட்டைக் கையை மடித்துவிட்டு, காற்றிலேயே குட்டியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். காரி குறுக்குக் கேள்வி கேட்க, இவள் மறுக்க, பத்து நிமிடம் போனது. வீட்டில் இவள் இப்படிக் கதைத்து நாங்கள் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வதனி மகளின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காரியிடம் நொர்வேஜியனில் கேட்டாள்: "இங்கே மீன் போட்டுவைக்கப் பெரிய ஃபிரீசர் ஒன்று வைக்க இடமிருக்கிறதா?"

ஆரபி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காரில் ஐந்தரை மணித்தியாலம் வையுங்கள். கார் இல்லாவிட்டால் ஒத்தா வரை ரயில், பிறகு பஸ். கோடையிலும் தடித்த ஜக்கெற் தேவை. நாங்கள் தங்கிய முகாம் குடிசை ஓர் இரவுக்கு 950 குரோனர். மிளகாய்த்தூளை ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைகளிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

பாதை பற்றியும் சொல்ல வேண்டும். லொம்முக்கு மேற்கே சொங்னஃபியெல் மலைப்பாதையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஒஸ்லோப் பக்கத்துப் பாதை திறந்தே இருக்கும். இதை ஞாயிறு திரும்பி வரும்போது வதனி என்னிடம் மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"அப்ப மாதத்திலை ரெண்டு தரம் வந்திட்டுப் போகலாம், கிட்டத்தானே" என்றாள். ஒஸ்லோவுக்குள்ளேயே ஹொல்ம்லியாவில் இருக்கும் சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு, தூரம் என்று சொல்லி வருடத்துக்கு ஒருமுறை போகிறவள்.