காலிக் கட்டம்

தீவில் எங்கள் ஜங்லிகாட் வீட்டுத் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் படுத்துக் கண்ணை மூடினால் எனக்குச் சதுரங்களும் வட்டங்களும் தெரியும். சதுரத்தின் மூலையில் இருந்த புள்ளி அடுத்த மூலைக்கு நகரும். அம்புக்குறி மெல்லத் தலைகீழாகும். நான் தூங்கிப்போவேன், அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லாம் ஒரு பரீட்சையால் வந்த வினை. அதில் தேறும் தீவுப் பிள்ளையை அரசாங்கமே மெயின்லேண்டுக்கு அனுப்பி, விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கும். கணக்கும் இங்கிலீஷும் போக, படம் பார்த்து விடை சொல்லும் தாள் ஒன்று உண்டு. வரிசையாகச் சில படங்கள், கடைசிக் கட்டத்தில் கேள்விக்குறி. கீழே கொடுத்திருப்பவற்றில் எது அங்கே வரும் என்று குறிக்க வேண்டும். அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். மலேரியாவில் படுத்ததால் ஒரு வருடம் பின்தங்கி என் வகுப்பிலேயே படித்தான். இரண்டு பேரும் எழுதுவதென்று அப்பா முடிவு செய்தார். எங்கள் வங்காளி மாஸ்டர் கரும்பலகையில் படங்களை வரைந்துவிட்டு, "ஆகே க்யா ஆயேகா?" என்பார். அடுத்து என்ன வரும் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் கை மேலே போயிருக்கும். எனக்குப் படங்கள் பிடிக்கும், அவசரம்தான் பிடிக்காது.

தேற வேண்டும் என்று எனக்கும் கொள்ளை ஆசை. காரணம் படிப்பல்ல, ரயில். எங்கள் தீவில் எல்லாம் இருந்தது, ரயில் மட்டும் இல்லை. அம்மா இந்தப் பேச்சிலேயே சேரமாட்டாள். யார் தேறினாலும் வீட்டில் ஒரு பாய் குறையும் என்பது அவள் கவலை. பரீட்சையன்று காலையில் எங்கள் நெற்றியில் விபூதி பூசியபோது சாமியிடம் என்ன கேட்டாய் என்றேன். சிரித்து மழுப்பிவிட்டாள்.

பரீட்சை அறையின் ஜன்னலில் கடல் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே எழுதினேன். ஒரு கேள்வியில் பெரிய முக்கோணம், பக்கத்தில் அதைவிடச் சிறியது, அடுத்தது கடுகளவு. கீழே இருந்த விடைகளில் ஒன்று இன்னும் பொடியான முக்கோணம், இன்னொன்று வெறும் கட்டம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரிலிருந்து யாராவது கப்பலேறினால், ஜெட்டியில் கையசைத்ததோடு நாங்கள் வீடு திரும்புவதில்லை. மேட்டில் ஏறி நின்று, கப்பல் கண்ணுக்கு மறையும் வரை பார்ப்போம். பாதியில் முதுகைக் காட்டினால் போகிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த வரிசைதான் அது. பெரிது, சிறிது, கடுகு, அப்புறம் வெறும் கடல். வெறும் கட்டத்தைக் குறித்துவிட்டு நிம்மதியாக ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னும் சின்னதுதான்டி வரும். காலிக் கட்டத்தை எவனாவது பதிலா வைப்பானா?"

"கப்பல் அப்படித்தானே போகும்?"

"அது கப்பல் இல்லடி, முக்கோணம்."

அண்ணன் தேறினான். ரயிலும் அவனுக்கே போயிற்று. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்ட உதவினேன்.

அண்ணன் ஏறிய ஜஹாஜ் கிளம்பிய சாயங்காலம் ஹாடோ ஜெட்டியிலிருந்து மேட்டுக்கு ஓடினோம். தூறல் போட்டது. கப்பல் பெரிதாகத்தான் இருந்தது. பிறகு கைக்குள் அடங்கியது. பிறகு கடுகானது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எந்த நொடியில் அது இல்லாமல் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் போயேவிட்டது. எனக்குள் பெரிய சந்தோஷம். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"பாரும்மா, ஒண்ணுமே இல்ல. நான் போட்டதுதான் சரி."

அம்மா திட்டுவாள் என்று அப்பா பயந்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்தார். அவள் திட்டவில்லை. கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், "மழை வலுக்குது, நீ அப்பாவோட வீட்டுக்குப் போ. நான் கொஞ்சம் நின்னு பாத்துட்டு வாரேன்" என்றாள்.

எதைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வழியெல்லாம் அப்பாவிடம் வெறும் கட்டத்தின் நியாயத்தைப் பேசிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தாள்.

என் மகள் விமானம் ஏறிய அன்றுதான் அந்தக் கேள்விக்கு அண்ணன் குறித்த விடை சரி என்று ஒப்புக்கொண்டேன். அன்று மேட்டில் அம்மாவுக்குக் கட்டம் காலியாகவில்லை. அண்ணன் அங்கேதான் இருந்தான், இன்னும் சின்னதாக.